விளைவது மலையில், விலை வைப்பது சமவெளியில்

கொல்லிமலை வாசலூர்பட்டியும் சுற்றியுள்ள சிற்றூர்களும் எதை நம்பி வாழ்கின்றன?

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியில் தொடங்கும் மலைச்சாலை, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் மேற்பரப்பை எட்டுகிறது. அந்தச் சாலையில் மேலே ஏறுபவை ரேஷன் அரிசி, உர மூட்டை, சிமென்ட். சனி, ஞாயிறுகளில் சுற்றுலா வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். கீழே இறங்குபவை மிளகு, காப்பிக்கொட்டை, பலா, அன்னாசி, வாழைத்தார், லாரி லாரியாகக் குச்சிக்கிழங்கு. வேலை தேடிக் கிளம்பும் இளைஞர்களும் இதே வழியாகத்தான் இறங்குகிறார்கள். எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று ஒரு வாரம் கவனித்தாலே மலையின் பொருளாதாரம் புரிந்துவிடும். இறங்கும் பொருள் எதற்கும் மலையில் விலை தீர்மானமாவதில்லை. கிழங்கின் விலை சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் முடிவாகிறது. மிளகின் விலை கொச்சியிலும் வியட்நாமிலும் முடிவாகிறது. விளைவிப்பவருக்குக் கடைசியில்தான் தெரியவருகிறது.

மலையின் மேல் அரசு அலுவலகங்கள் கூடியிருக்கும் ஊர் செம்மேடு. அதன் அருகே இருப்பது வாசலூர்பட்டி. இங்குள்ள ஏரியும் படகு இல்லமும் பயணிகளின் பட்டியலில் தவறாமல் இடம்பெறும். ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீஸ்வரர் கோயிலையும் பார்க்கக் கிளம்பியவர்கள், இங்கே வண்டியை நிறுத்திச் சற்று நேரம் படகு மிதித்துவிட்டு, சூப்பு குடித்துவிட்டு, மிளகும் பழமும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் காண்பது ஒரு சுற்றுலாத் தலம். ஏரிக்குப் பின்னால் விரியும் வயல்களிலும் மேட்டுக்காடுகளிலும் ஒரு சமூகத்தின் பிழைப்பு முழுவதும் இருக்கிறது.

பதினான்கு நாடுகளின் மலை

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கொல்லிமலையின் மேற்பரப்பு, கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் முதல் 1,300 மீட்டர் வரை உயரம் கொண்டது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று பதினான்கு நாடுகளாக மலை பிரிந்துள்ளது. பழைய நாடுகளே இன்று கொல்லிமலை ஒன்றியத்தின் ஊராட்சிகள். சுமார் 40 ஆயிரம் பேர் வாழும் இந்த மலையில் மிகப் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரில் மலையாளம் இருந்தாலும் அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை எனப் பிரிந்து குடியேறினார்கள் என்பது தலைமுறைகளாக அவர்கள் சொல்லிவரும் பூர்வகதை. ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்ற பழைய பொறுப்புகள் இன்னும் திருவிழாவிலும் வழக்குத் தீர்ப்பதிலும் உயிரோடு இருக்கின்றன.

சங்க காலத்தில் இது வல்வில் ஓரியின் மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது இலக்கியம். ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசே வல்வில் ஓரி விழா எடுக்கிறது. மலர்க் கண்காட்சியும் நடக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாட்டில் இடம்பெற்ற மலை இது. பலாவும் தேனும் தினையும் அன்றே இதன் செல்வங்களாகச் சொல்லப்பட்டன. அந்தச் செல்வங்களை இன்று விளைவிப்பவர்களின் வீட்டுக் கணக்கு மட்டும் விழா மேடைகளில் பேசப்படுவதில்லை.

சாமை இருந்த காலம்

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை கொல்லிமலை வீடுகளில் அன்றாடச் சோறு சாமைச் சோறுதான். பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் வயலில் நெல். சரிவிலும் மேட்டிலும் சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு. இடையிடையே அவரை, மொச்சை, துவரை, கடுகு. கேழ்வரகை மலையில் கேவுரு என்பார்கள். ஒவ்வொரு தானியத்திலும் பல ரகங்கள் உண்டு. சாமையில் சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை, பெருஞ்சாமை. கேவுருவில் சுண்டங்கிக் கேவுரு, சட்டைக் கேவுரு, காரக் கேவுரு, அரிசிக் கேவுரு. தினையில் செந்தினை, மூக்கந்தினை, பெருந்தினை. மண்ணின் தரம், மழையின் போக்கு, பயிரின் வயது ஆகியவற்றைப் பார்த்து எந்த ரகத்தை எங்கே போடுவது என்று தீர்மானிக்கும் அறிவு ஊருக்குள்ளேயே இருந்தது. விதையைப் பொறுக்கி எடுத்து, உலர்த்தி, அடுத்த பட்டத்துக்குக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

இந்த வேளாண்மையின் பெரும்பலம் பன்மை. ஒரு ரகம் மழையில் அடிபட்டால் இன்னொன்று நிற்கும். தானியம் தவறினால் பயறு கைகொடுக்கும். விளைச்சல் அதிகம் இல்லாவிட்டாலும் அடுப்பு அணையாது. சரிவு நிலத்தில் சாமையின் சல்லி வேர்கள் மேல்மண்ணைப் பிடித்து வைத்தன. வெளியிலிருந்து உரமோ பூச்சிமருந்தோ வேண்டியிருக்கவில்லை.

இதன் பாரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாமையின் உமி கெட்டியானது; லேசில் பிரியாது. உரலில் போட்டு உலக்கையால் குத்திப் புடைத்தால்தான் அரிசி கிடைக்கும். காட்டு வேலை முடித்து வந்த பெண்களுக்கு வீட்டில் இந்த வேலை காத்திருந்தது. சிறுதானியத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் அந்தக் கைகளின் வலியையும் சேர்த்துப் பேச வேண்டும். ரேஷனில் குத்திய அரிசி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அது இலவசமாகவே கிடைத்ததும் சாமை அடுப்பை விட்டு விலகியது. அந்தப் பெண்கள் செய்தது நியாயமான தேர்வு. அவர்களின் உழைப்பைக் குறைக்கும் இயந்திரம் மட்டும் சரியான காலத்தில் மலை ஏறவில்லை.

கிழங்கு வந்த கதை

சாமை விட்ட இடத்தைப் பிடித்தது மரவள்ளி. சேலம், நாமக்கல் பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கு. இரண்டாம் உலகப் போரின்போது மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றது. அந்த வெற்றிடத்தை நிரப்ப 1940-களில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் பிறந்தது. ராசிபுரம், ஆத்தூர், நாமக்கல் வட்டாரங்களில் ஆலைகள் பெருகின. 1981-இல் ஆலைகளுக்கான விற்பனைக் கூட்டுறவாகச் சேகோசர்வ் அமைந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆலைகளின் பசிக்கு மலைச்சரிவுகளும் கிழங்கு கொடுக்கத் தொடங்கின.

கிழங்கு நட்ட குடும்பங்களைக் குறை சொல்ல முடியாது. குச்சியை ஊன்றிவிட்டால் பத்து மாதத்தில் கிழங்கு. குத்தவும் வேண்டாம், புடைக்கவும் வேண்டாம். லாரி காட்டுக்கே வரும்; மொத்தமாகக் காசு கைக்கு வரும். பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுக் கூரைக்கும் கல்யாணத்துக்கும் மொத்தக் காசுதான் உதவும். சாமை வயிற்றை நிரப்பியதே தவிர, பள்ளிக் கட்டணம் கட்டவில்லை.

ஆனால் இந்தக் காசுக்குப் பல விலைகள் உண்டு. ஆலையில் கிழங்குக்கு எடையோடு மாவுச்சத்தும் ‘பாயிண்ட்’ என்று அளக்கப்படும். அந்தப் பாயிண்ட் கணக்கு ஆலையின் கருவியில் வருவது. அதைச் சரிபார்க்க மலை விவசாயியிடம் எந்த வழியும் இல்லை. கிழங்கைப் பிடுங்கிய பிறகு இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது, கெட்டுவிடும். சொன்ன விலைக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. முன்கூட்டியே வியாபாரியிடம் கைநீட்டி முன்பணம் வாங்கியிருந்தால் பேரம் பேசவே இடமில்லை. சரிவில் கிழங்குக்காக மண்ணைக் கிளறும்போதெல்லாம் அடுத்த மழையில் மேல்மண் ஓடைக்குப் போகிறது. ஒரே பயிர் பரந்துகிடந்தால் பூச்சிக்கும் கொண்டாட்டம். மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் 2020-இல் முதலில் கேரளத்தில் கண்டறியப்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் வட்டாரங்களையும் தாக்கியது. ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளிவிட்டு அதைக் கட்டுப்படுத்தும் முயற்சி தொடங்கியது. ஒரு மலைக்காட்டின் கிழங்கைக் காப்பாற்ற இன்னொரு கண்டத்திலிருந்து பூச்சி வர வேண்டியிருக்கிறது. ஒற்றைப் பயிரை மட்டும் நம்பி நிற்பதன் ஆபத்து இது.

மிளகும் நிழல்மரமும்

மலையின் இன்னொரு காசுப்பயிர் மிளகு. சில்வர் ஓக் மரங்களை நட்டு, அவற்றின் மேல் மிளகுக் கொடியைப் படரவிட்டு, கீழே காப்பிச் செடி வைக்கிறார்கள். இடையில் வாழை, அன்னாசி, பலா. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக், கொடிக்குத் தாங்குமரமாக இருப்பதோடு, வயதானதும் மர வியாபாரிக்குப் போய் அவசரப் பணமாக மாறுகிறது. தை, மாசியில் மிளகு பறிப்பு. உயரமான மரங்களில் ஒற்றைக்கம்பு ஏணி சாத்தி ஏறிப் பறிப்பது உயிருக்குத் துணிந்த வேலை. பறித்த மிளகை வீட்டு வாசலிலும் களத்திலும் சாலையோரத்திலும் காயப்போட்டிருப்பார்கள். அந்தக் காரநெடி பருவம் முழுக்க மலைக்காற்றில் கலந்திருக்கும்.

மேலே கொடி, நடுவே செடி, கீழே பழம் என்று இந்த அடுக்குத் தோட்டம், கிழங்குக் காட்டைவிட மண்ணுக்கு நல்லது. ஒன்றின் விலை சரிந்தால் மற்றொன்று தாங்கும். ஆனாலும் மிளகு விலை மலைக்குக் கட்டுப்பட்டதில்லை. உலகில் அதிக மிளகு விளைவிக்கும் வியட்நாமிலிருந்து மலிவுச் சரக்கு, இலங்கை வழியாகவும் இந்தியச் சந்தைக்குள் நுழைந்தது. அதைத் தடுக்க மத்திய அரசு 2017 டிசம்பரில் மிளகு இறக்குமதிக்குக் கிலோ 500 ரூபாய் குறைந்தபட்ச விலை நிர்ணயித்தது. அதன் பிறகும் விலை ஏறியும் இறங்கியும் விவசாயியை அலைக்கழித்தபடியே இருந்தது. காயவைத்து, பதுக்கி, விலை வரும்வரை பொறுத்திருக்கிறவருக்கே மிளகில் லாபம். பொறுத்திருக்கக் கையில் காசு வேண்டும். அது இல்லாதவர் பச்சை மிளகாகவே கொடுத்துவிடுகிறார்; சிலர் கொடியில் இருக்கும்போதே குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். மலைவாழ் மக்களுக்கான பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் இந்த இடத்தில்தான் தன் முழு பலத்தையும் காட்ட வேண்டும். கடன் கொடுப்பதோடு சரக்கைக் காத்து வைக்கக் கிடங்கும், சரக்கின் பேரில் உடனடி முன்பணமும் கொடுத்தால் விவசாயிக்குக் காத்திருக்கும் தெம்பு வரும்.

சோளக்காடு சந்தைக்குப் போனால் இந்த மலையின் பன்மையை ஒரே இடத்தில் பார்க்கலாம். பலாவும் அன்னாசியும் மலைவாழையும் குவிந்திருக்கும். கீழேயிருந்து வரும் வியாபாரிகள் மொத்தமாகப் பேசி அள்ளிக்கொண்டு இறங்குவார்கள். பலா பழுத்துவிட்டால் காத்திருக்காது. ஒரே வாரத்தில் எல்லார் தோட்டத்திலும் பழுக்கும்போது விலை தரைதட்டும். பலாச்சுளையை வற்றலாக, சிப்ஸாக, கூழாக மாற்றும் சிறு ஆலைகள் மலையிலேயே இருந்தால் இந்தப் பழம் வேறு கதை சொல்லும்.

ஏரிக்கரையின் வருமானம்

இனி வாசலூர்பட்டிக்கு வருவோம். சுற்றுலா இந்த ஊருக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் புதிய பிழைப்பு. படகு இல்லம், உணவுக் கடைகள், தங்கும் விடுதிகள், வாடகை ஜீப், தேன், மிளகு, காப்பித்தூள் விற்பனை என்று வேலைகள் பிறந்திருக்கின்றன. அதில் பெண்கள் கைக்கு நேரடியாகக் காசு கொண்டுவருவது முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது. மேலே ரோமம் மூடி ஆட்டுக்கால் போலவே இருக்கும். தோலைச் சீவி, மிளகு சீரகம் போட்டுக் கொதிக்கவைத்துத் தருகிறார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்ற நம்பிக்கையில் பயணிகள் விரும்பிக் குடித்து, கிழங்கையும் வாங்கிப் போகிறார்கள்.

இந்த வருமானம் நிலைக்க வேண்டுமானால் கிழங்கு நிலைக்க வேண்டும். வளர நாளெடுக்கும் செடி இது. தேவை பெருகப் பெருக, வேரோடு பெயர்த்தெடுக்கும் வேகமும் கூடுகிறது. எங்கே, எவ்வளவு, எந்த மாதத்தில் எடுப்பது, எவ்வளவு விட்டுவைப்பது என்ற கட்டுப்பாட்டைக் கிராம சபையே வகுக்கலாம். அதைத் தோட்டத்து மரங்களில் வளர்க்கும் முயற்சிக்கு வனத்துறையும் தோட்டக்கலைத் துறையும் துணைநிற்க வேண்டும்.

விடுதிகள் விஷயத்தில் கேள்வி இன்னும் கூர்மையானது. நிலம் யாருடையது? விடுதி வெளியூர்க்காரருடையதாகவும், அங்கே பாத்திரம் கழுவும் வேலை உள்ளூர்க்காரருடையதாகவும் போய்விட்டால், சுற்றுலாவும் கிழங்கு லாரிபோலவே மலையின் செல்வத்தைக் கீழே இறக்கும் இன்னொரு வண்டிதான். படகு இல்லம் போன்ற பொதுச் சொத்துகளின் வருவாயில் ஊருக்கு எவ்வளவு, சாக்கடைக்கும் குப்பைக்கும் ஏரிப் பராமரிப்புக்கும் எவ்வளவு என்பதைக் கிராம சபையில் வெளிப்படையாக வைக்க வேண்டும்.

நிலமும் உரிமையும்

பழங்குடிகள் வாழும் பல மாநிலங்களின் மலைப்பகுதிகள் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் உள்ளன. தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதிகூட இல்லை. ஆகவே பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டமும் இங்கே பொருந்துவதில்லை. மீதமிருக்கும் பெரிய பாதுகாப்பு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதன்படி பட்டா வழங்குவதும் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் தடையை விலக்கிய பிறகே வேலை நகர்ந்தது. தனிநபர் பட்டாவோடு, காட்டுப் பொருள்களைச் சேகரிக்கவும் காட்டைப் பராமரிக்கவும் ஊருக்கே கிடைக்கும் சமூக உரிமையும் இந்தச் சட்டத்தில் உண்டு. தேனுக்கும் கிழங்குக்கும் மூலிகைக்கும் அதுவே ஆதாரம்.

சிறு உற்பத்தியாளரைச் சட்டம் எப்படிக் காக்கலாம் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் ஓர் உதாரணம் தருகிறது. அங்கே கடலோரச் சிற்றூர்களின் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரையுள்ள கடலை 1998-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் உள்ளூராட்சியின் பொறுப்பில் வைத்து, சிறு மீனவர்களுக்கு முன்னுரிமை தந்தது. அதே நாட்டின் இஃபுகாவ் மலைவாழ் மக்கள் செதுக்கிய நெல் படிவயல்கள் 1995-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. ஆறே ஆண்டுகளில், 2001-இல், ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலுக்குப் போயின. இளைஞர்கள் வயலை விட்டு நகரத்துக்குப் போனதும், வரப்புகளைப் பராமரிக்க ஆளில்லாமல் போனதும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஊர்மக்களும் அரசும் சேர்ந்து உழைத்த பிறகு 2012-இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து மீண்டன. கடலோரமானாலும் மலையானாலும் பாடம் ஒன்றே. இயற்கை வளத்தின் மேல் உள்ளூர் மக்களுக்கு உரிமையும், அந்தத் தொழிலில் கௌரவமான வருமானமும் இருந்தால் அவர்கள் அதைக் காப்பார்கள். இரண்டும் இல்லாவிட்டால் ஊர் காலியாகும்.

சாமை திரும்பும் பாதை

நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்து வருகிறது. பாதுகாத்தல், பயிரிடுதல், உண்ணுதல், விற்றல் என்ற நான்கையும் ஒன்றாகப் பிணைப்பது அதன் அணுகுமுறை. விதை வங்கிகள் அமைந்தன. பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்கு உமி நீக்கும் இயந்திரங்களும் மாவரைக்கும் இயந்திரங்களும் வந்தன. சாமை அரிசியும் ரவையும் கேவுரு மாவும் பொட்டலமாகி நகரக் கடைகளுக்குப் போயின. விதைகாத்த குடும்பங்கள் கூட்டமைப்பாகத் திரண்டன. உரலின் பாரம் இறங்கினால் சாமை திரும்பும் என்பதை இந்த முயற்சி நடைமுறையில் காட்டியது.

ஆனால் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் திட்டம் மட்டும் ஒரு மலையின் சாப்பாட்டை மாற்றிவிட முடியாது. 2023-ஆம் ஆண்டை ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை நாம் கொண்டாடினோம். நகரத்துப் பேரங்காடிகளில் சாமை அரிசியின் விலை ஏறியது. அந்த விலையில் மலைக்கு எவ்வளவு வந்தது என்பதுதான் கேள்வி. கேழ்வரகு, கம்பு, சோளத்துக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. சாமைக்கும் தினைக்கும் இல்லை. சத்தீஸ்கர் மாநிலம் 2021 முதல் வரகையும் சாமையையும் தானே விலை நிர்ணயித்துக் கொள்முதல் செய்யத் தொடங்கியது. ஒடிசா 2017-இல் தொடங்கிய சிறுதானிய இயக்கத்தின் மூலம் பழங்குடி மாவட்டங்களின் கேழ்வரகை வாங்கி மக்களுக்குக் கொடுக்கிறது. தமிழ்நாட்டிலேயே 2023-இல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. தானியம் விளையும் மலையில் அதே தானியத்தை ரேஷனில் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கொல்லிமலைக்குத் தேவையானவை எட்டாத காரியங்கள் அல்ல. சாமைக்கும் தினைக்கும் மாநில அரசு ஒரு கொள்முதல் விலையை அறிவித்து, கூட்டுறவுச் சங்கம் வழியாக மலையிலேயே வாங்கட்டும். வாங்கியதை முதலில் மலையின் ரேஷன் கடைகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் கொடுக்கட்டும். மலையின் பதினான்கு நாடுகளில் ஒவ்வொன்றிலும் ஓர் உமி நீக்கும் இயந்திரம் இருக்கட்டும். பழுதானால் சரிசெய்யச் செம்மேட்டு ஐ.டி.ஐ.யில் படித்த உள்ளூர்ப் பிள்ளைகளே பயிற்சி பெறட்டும். கிழங்கின் மாவுச்சத்தை அளக்க அரசுக் கருவியோடு ஒரு மையம் மலையடிவாரத்தில் நிற்கட்டும். பாயிண்ட் கணக்கு விவசாயியின் கண்முன்னே வரட்டும். மிளகுக்கும் காப்பிக்கும் கிடங்கும் முன்பணமும், பலாவுக்குப் பதப்படுத்தும் கூடமும், சுற்றுலா வருவாயில் கிராம சபைக்குப் பங்கும், நிலுவையிலுள்ள வன உரிமை மனுக்களுக்குக் காலக்கெடுவும் வேண்டும்.

சேந்தமங்கலம், தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டே சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்று, மற்றது ஏற்காடு. கொல்லிமலை மக்கள் வாக்களிப்பது இந்தச் சேந்தமங்கலத்துக்குத்தான். அடுத்த முறை வாக்குக் கேட்டு மலை ஏறுகிறவர்களிடம் வாசலூர்பட்டி மக்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: எங்கள் சாமைக்கு என்ன விலை தருவீர்கள், அதை எங்கே வாங்குவீர்கள்? பதிலை எண்ணில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்த எண் மலையின் மேலேயே அறிவிக்கப்படும் நாளில், விலை வைக்கும் உரிமையில் பாதியாவது விளைவித்தவர் கைக்கு வந்துசேரும்.